நீல இன்ஹேலர் மட்டும் போதுமா?

ஆஸ்துமா உள்ள இல்லங்கள் பலவற்றில் நீல நிற இன்ஹேலர் ஒன்று எப்போதும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கும். தலையணையின் கீழும், சட்டைப் பையிலும், பள்ளிப் பையின் ஓரத்திலும், சமையலறை அலமாரியிலும் அதனைக் காணலாம். மூச்சு இறுகும்போது அதனை எடுத்து இரண்டு முறை உள்ளிழுத்தால் சில நிமிடங்களில் நெஞ்சு இளகிவிடுகிறது. அந்த நிம்மதியின் அருமையை மூச்சுக்குத் தவித்தவர்களே அறிவர். அதனைக் குறைத்துப் பேசுவது எங்கள் நோக்கமன்று. எனினும், அந்த நிம்மதியையே சிகிச்சை என்று கருதி ஆண்டுக்கணக்கில் வாழ்வது ஆபத்தானது என்பது எங்கள் உறுதியான கருத்து.

நீல இன்ஹேலரை எத்தனை முறை எடுக்கிறோம் என்பதை ஒவ்வொரு குடும்பமும் குறித்துவைக்க வேண்டும். அந்த எண்ணிக்கையை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். மூச்சுக்குழாயின் வீக்கத்தைத் தணிக்கும் மருந்து இல்லாமல் நிவாரணியை மட்டும் நம்பியிருக்கும் வழக்கத்துக்கு முடிவு கட்ட வேண்டும். இம்மூன்றையும் ஏன் வலியுறுத்துகிறோம் என்பதை இங்கே விளக்க விரும்புகிறோம்.

நிவாரணி செய்வதும் செய்யாததும்

ஆஸ்துமாவில் மூச்சுக்குழாய்களுக்கு இரண்டு துன்பங்கள் நேர்கின்றன. முதலாவது, குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகிக்கொள்வது. இரண்டாவது, குழாயின் உட்சுவர் வீங்கிச் சளி கட்டுவது. தசையின் இறுக்கம் சில நிமிடங்களில் வரும். சில நிமிடங்களில் விலகவும் கூடும். வீக்கமோ நாள்தோறும் ஓசையின்றி இருந்துகொண்டே இருக்கும். இழுப்பு இல்லாத நாட்களிலும் அது முற்றிலும் நீங்கிவிடுவதில்லை. வீங்கிய குழாய்தான் தூசியையும் புகையையும் குளிரையும் கண்டு எளிதில் இறுகுகிறது. ஆகவே வீக்கமே வேர். இழுப்பு அதன் வெளிப்பாடு.

நிவாரணி இன்ஹேலர்களில் பெரும்பாலும் இருப்பது சால்பியூட்டமால் என்னும் மருந்து. அது தசையின் இறுக்கத்தைத் தளர்த்துகிறது. ஏறத்தாழ 5 நிமிடங்களில் பயன் தெரியும்; 4 முதல் 6 மணி நேரம் வரை அது நீடிக்கும். ஆனால் உட்சுவரின் வீக்கத்தை அது தணிப்பதில்லை. மருந்தின் வேலை முடிந்ததும் வீக்கம் முன்பிருந்தபடியே இருக்கிறது. மீண்டும் இழுப்பு, மீண்டும் நிவாரணி என்று நாட்கள் நகர்கின்றன. இவ்வாறு அடிக்கடி பயன்படுத்தும்போது நாளடைவில் அம்மருந்துக்கு உடல் காட்டும் பதிலும் மங்குகிறது. நேற்று இரண்டு பஃப்பில் கிடைத்த நிம்மதிக்கு இன்று நான்கு தேவைப்படுகிறது.

வீக்கத்தைத் தணிப்பவை உள்ளிழுக்கும் ஸ்டீராய்டு மருந்துகள். பியூடிசோனைடு, பெக்ளோமெத்தசோன், ஃபுளூட்டிகசோன் ஆகியன அவ்வகையைச் சேர்ந்தவை. இவற்றை எடுத்தவுடன் நெஞ்சில் எந்த மாற்றமும் தெரியாது. நாட்களும் வாரங்களும் செல்லச் செல்லவே பயன் புலப்படும். உடனே நன்மை தரும் மருந்தை மனம் நம்புவதும், மெல்ல நன்மை தரும் மருந்தை ஐயுறுவதும் மனித இயல்பு. அந்த இயல்பே ஆஸ்துமாவில் நம்மைத் தவறான இடத்தில் கொண்டு நிறுத்துகிறது.

உலகம் பட்டு அறிந்த பாடம்

அழுத்தினால் அளவாக மருந்தைத் தெளிக்கும் இன்ஹேலர் 1956-ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்தது. 1969-இல் சால்பியூட்டமால் வந்தது. அதற்கு முந்தைய மருந்துகளைவிட அது இதயத்துக்குக் குறைவான தொல்லை தந்ததால் உலகெங்கும் பரவியது. 1972-இல் பெக்ளோமெத்தசோன் என்னும் உள்ளிழுக்கும் ஸ்டீராய்டு பிரிட்டனில் அறிமுகமாயிற்று. அதாவது, வீக்கத்தைத் தணிக்கும் வழி அரை நூற்றாண்டுக்கு முன்பே திறந்துவிட்டது. இருந்தும் உலகின் பெரும்பகுதி நிவாரணியையே பற்றிக்கொண்டிருந்தது.

நியூசிலாந்தில் 1970-களின் பிற்பகுதியில் ஆஸ்துமா இறப்புகள் திடீரென உயர்ந்தன. ஃபெனோட்டெரால் என்னும் வீரியமிக்க நிவாரணி அங்கு அப்போதுதான் பரவலாகியிருந்தது. அதற்கும் இறப்புகளுக்கும் தொடர்பு உண்டு என்று 1989-இல் வெளியான ஆய்வு காட்டியது. அதன் பயன்பாடு கட்டுப்படுத்தப்பட்ட பின் இறப்புகள் குறைந்தன. இன்று நாம் பயன்படுத்தும் சால்பியூட்டமால் அந்த மருந்தன்று. அதனைக் கண்டு அஞ்சவும் வேண்டியதில்லை. ஆனால் நிவாரணி தரும் தற்காலிக நிம்மதி, உள்ளே முற்றிவரும் நோயை மறைத்துவிடக்கூடும் என்ற பாடம் எல்லா நிவாரணிகளுக்கும் பொருந்தும்.

பிரிட்டனில் ஆஸ்துமா இறப்புகளைப் பற்றிய தேசிய மறுஆய்வு 2014-இல் வெளியாயிற்று. 195 பேரின் இறப்பு அதில் ஒவ்வொன்றாக ஆராயப்பட்டது. நிவாரணி எழுதித் தரப்பட்ட எண்ணிக்கை தெரிந்திருந்த 165 பேரில் 65 பேருக்கு, இறப்பதற்கு முந்தைய ஓராண்டில் 12-க்கும் மேற்பட்ட நிவாரணி இன்ஹேலர்கள் தரப்பட்டிருந்தன. அவர்களில் 6 பேருக்கு 50-க்கும் மேல். இவர்கள் மருத்துவ வசதி எட்டாத இடத்தில் வாழ்ந்தவர்கள் அல்லர். கையில் மருந்து இருந்தது. அந்த மருந்து எத்தனை முறை தேவைப்படுகிறது என்பதன் பொருளை நிறுத்திக் கேட்பார்தாம் இல்லை.

நம் நாட்டின் நிலை இன்னும் கவலைக்குரியது. உலகின் ஆஸ்துமா நோயாளிகளுள் சுமார் 13 சதவீதத்தினர் இந்தியாவில் உள்ளனர் என்றும், ஆஸ்துமாவால் நேரும் இறப்புகளில் 40 சதவீதத்துக்கும் மேல் இங்கு நிகழ்கின்றன என்றும் உலக நோய்ச்சுமைக் கணக்கீடுகள் கூறுகின்றன. நோயாளிகளின் பங்குக்கும் இறப்பின் பங்குக்கும் இடையே உள்ள இப்பெரும் இடைவெளிக்குக் காரணங்கள் பல. நோய் காலத்தில் கண்டறியப்படாமை, புகை, வறுமை ஆகியன அவற்றுள் அடங்கும். உள்ளிழுக்கும் ஸ்டீராய்டைத் தவிர்த்துவிட்டு மாத்திரை, ஊசி, நிவாரணி ஆகியவற்றோடு காலம் தள்ளுவதும் அவற்றுள் ஒன்று. பிற காரணங்களை மாற்ற அரசும் சமூகமும் வேண்டும். இதனை மாற்ற ஒரு குடும்பமும் ஒரு மருத்துவரும் போதும்.

2019-இல் நேர்ந்த மாற்றம்

ஆஸ்துமா சிகிச்சைக்கு உலகளவில் வழிகாட்டும் அமைப்பு ஜினா எனப்படும் உலக ஆஸ்துமா முன்முயற்சி. வளரிளம் பருவத்தினருக்கும் பெரியவர்களுக்கும் சால்பியூட்டமால் போன்ற நிவாரணியை மட்டும் தருவதைத் தான் இனிப் பரிந்துரைக்கவில்லை என்று 2019-இல் அது அறிவித்தது. லேசான ஆஸ்துமா உள்ளவருக்கும் உள்ளிழுக்கும் ஸ்டீராய்டு ஏதேனும் ஒரு வடிவில் சேர வேண்டும் என்றது. 2024 நவம்பரில் வெளியான பிரிட்டனின் புதிய வழிகாட்டுதல், எந்த வயதினருக்கும் ஸ்டீராய்டு இன்ஹேலர் இன்றி இந்நிவாரணியைத் தனியே எழுதக் கூடாது என்று கூறுகிறது.

இம்மாற்றத்துக்கு அடிப்படையாக அமைந்தவற்றுள் ஒன்று 2018-இல் வெளியான சிக்மா ஆய்வு. பியூடிசோனைடும் ஃபார்மோட்டெராலும் சேர்ந்த இன்ஹேலரைத் தேவைப்படும்போது மட்டும் எடுத்த லேசான நோயாளிகளுக்கு, பழைய வகை நிவாரணியை மட்டும் எடுத்தவர்களைவிடக் கடுமையான தாக்குதல்கள் 64 சதவீதம் குறைவாக இருந்தன. ஃபார்மோட்டெரால் சால்பியூட்டமாலைப் போலவே விரைவாகத் தசையைத் தளர்த்தும். அதனுடன் சேர்ந்த பியூடிசோனைடு அதே மூச்சில் வீக்கத்தையும் தணிக்கும். இழுப்பு கூடும் நாளில் நோயாளி அதிக முறை எடுப்பார். அதிக முறை எடுக்கும்போது வீக்கத்துக்கான மருந்தும் தானாகவே கூடுதலாகச் சேர்கிறது. மனித இயல்போடு மல்லுக்கு நிற்காமல் அதனையே துணையாகக் கொள்வதால் இம்முறையை நாங்கள் வரவேற்கிறோம்.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. இரண்டு மருந்துகள் சேர்ந்த எல்லா இன்ஹேலர்களும் இதற்குப் பயன்படா. நம் ஊரில் பலரும் பயன்படுத்தும் சால்மெட்டெரால் சேர்ந்த இன்ஹேலர் மெதுவாகவே வேலை செய்யும். மூச்சுத் திணறும் வேளையில் அதனை நிவாரணியாக எடுக்கக் கூடாது. இன்ஹேலர்களின் நிறமும் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். ஆகவே நிறத்தை நம்பாமல் மேலே அச்சிட்டுள்ள மருந்தின் பெயரைப் படியுங்கள். குழந்தைகளுக்கான முறையும் வேறு. இக்கட்டுரையைப் படித்துவிட்டு எந்த மருந்தையும் நீங்களாக நிறுத்தவோ மாற்றவோ வேண்டாம். அடுத்த முறை வரும்போது, "எனக்கு நிவாரணி மட்டும் போதுமா?" என்று மருத்துவரிடம் கேளுங்கள். அந்தக் கேள்வியே போதுமான தொடக்கம்.

தயக்கங்கள் நான்கு

தடுப்பு மருந்தை மறுப்போர் கூறும் காரணங்களை நாங்கள் அற்பமானவை என்று கருதவில்லை. அவற்றுக்கு மதிப்பளித்தே விடை கூற வேண்டும்.

முதலாவது, ஸ்டீராய்டு என்ற சொல்லைக் கேட்டதும் எழும் அச்சம். மாத்திரையாகவும் ஊசியாகவும் நெடுநாள் ஸ்டீராய்டு எடுத்து முகம் வீங்கியவரையும், எலும்பு பலவீனமானவரையும், சர்க்கரை ஏறியவரையும் பலர் பார்த்திருக்கிறார்கள். எனவே அச்சத்துக்கு அடிப்படை உண்டு. ஆனால் அளவைக் கவனியுங்கள். கடும் இழுப்புக்கு மருத்துவமனையில் நாளொன்றுக்கு 40 மில்லிகிராம் பிரெட்னிசோலோன் மாத்திரை தரப்படுவதுண்டு. ஒரு பஃப் பியூடிசோனைடு பெரும்பாலும் 200 மைக்ரோகிராம். 1 மில்லிகிராம் என்பது 1000 மைக்ரோகிராம். இரு மருந்துகளின் வீரியம் வேறுபடுவதால் எடையை மட்டும் கொண்டு ஒப்பிடுவது முழுக் கணக்கு ஆகாது. எனினும் உள்ளிழுக்கும் மருந்து நேரே நுரையீரலுக்குச் செல்வதால் மிகச் சிறிய அளவே போதுமானது என்பதை இது உணர்த்தும். தொண்டை கரகரப்பும் வாயில் வெண்படலமும் வரக்கூடும். மருந்தை எடுத்தபின் வாய் கொப்பளித்துத் துப்பினால் அவை பெரும்பாலும் தவிர்க்கப்படும். இன்ஹேலரைத் தவிர்ப்பவர் உண்மையில் ஸ்டீராய்டைத் தவிர்ப்பதில்லை. அடிக்கடி வரும் தாக்குதலுக்காக அதனையே மாத்திரையாகவும் ஊசியாகவும் பன்மடங்கு பெறுகிறார்.

இரண்டாவது, "இன்ஹேலர் பழகிவிட்டால் விட முடியாது" என்ற எண்ணம். சிறுமிக்கு இன்ஹேலர் கொடுத்தால் நாளை வரன் தேடும்போது சிக்கலாகும் என்று தயங்கும் பெற்றோரும் உண்டு. தடுப்பு மருந்துக்கு உடல் அடிமையாவதில்லை. நோய் நெடுநாளையது, ஆதலால் மருந்தும் நெடுநாள் தேவைப்படுகிறது. கண்ணாடி அணிபவர் கண்ணாடிக்கு அடிமையானார் என்று நாம் சொல்வதில்லை. மருந்தை மறைப்பதால் நோய் மறைவதில்லை. மணமான பின் புது வீட்டில் மறைவாக நிவாரணியை உள்ளிழுத்துக்கொண்டு, தடுப்பு மருந்தை நிறுத்திவிடும் இளம்பெண்ணின் நிலையை எண்ணிப் பார்க்க வேண்டும். அவளுடைய மூச்சைவிடப் பெரிய மானம் எதுவும் இல்லை.

மூன்றாவது, விலை. நிவாரணி இன்ஹேலர் மலிவானது. கூட்டு மருந்து அதைவிடக் கூடுதல் விலையுடையது. நாட்கூலி பெறும் குடும்பத்துக்கு இது சிறிய செய்தியன்று. ஆயினும் ஓர் இரவு அவசரப் பிரிவில் ஆகும் செலவு, துணைக்கு வந்தவரின் இழந்த கூலி, வண்டி வாடகை ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்தால் கணக்கு மாறும். பியூடிசோனைடும், அதனோடு ஃபார்மோட்டெரால் சேர்ந்த கூட்டு மருந்தும் இந்திய அரசின் அத்தியாவசிய மருந்துகளின் தேசியப் பட்டியலில் இடம்பெற்றுள்ளன. அரசு மருத்துவமனையிலும் மக்கள் மருந்தகத்திலும் எது கிடைக்கும் என்று கேளுங்கள். விலை கட்டுப்படியாகவில்லை என்றால் அதனை மருத்துவரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். வாங்க முடியாத மருந்தைச் சீட்டில் எழுதிப் பயனில்லை. வாங்கக்கூடிய வழியைச் சேர்ந்து தேடலாம்.

நான்காவது, "இப்போது நன்றாகத்தானே இருக்கிறேன்" என்னும் நம்பிக்கை. தடுப்பு மருந்து நன்றாக வேலை செய்யும்போதுதான் அது தேவையில்லை என்று தோன்றும். 2000-ஆம் ஆண்டில் வெளியான கனடா நாட்டு ஆய்வு ஒன்று, ஓராண்டில் பெற்ற உள்ளிழுக்கும் ஸ்டீராய்டு இன்ஹேலர் ஒவ்வொன்றும் கூடக்கூட, ஆஸ்துமாவால் இறக்கும் வாய்ப்பு சுமார் 21 சதவீதம் குறைந்ததைக் காட்டியது. நன்றாக இருக்கும் நாட்களில் எடுத்த மருந்தே மோசமான நாளில் உயிரைக் காக்கிறது.

எண்ணிக்கை என்னும் சாட்சி

"எப்படி இருக்கிறீர்கள்?" என்று கேட்டால், "பரவாயில்லை" என்பதே பெரும்பாலோரின் விடை. நீண்ட நாள் இழுப்போடு வாழ்ந்தவர் அரைமூச்சையே முழுமூச்சு என்று பழகிக்கொள்கிறார். மாடிப்படி ஏறுவதை விட்டுவிடுகிறார். கோயில் பிரகாரம் சுற்றுவதை விட்டுவிடுகிறார். பின்பு தமக்கு எந்தத் தொல்லையும் இல்லை என்கிறார். நினைவு ஏமாற்றும். நிவாரணியின் எண்ணிக்கை ஏமாற்றாது.

சால்பியூட்டமால் இன்ஹேலர் ஒன்றில் பொதுவாக 200 பஃப் இருக்கும். ஓராண்டில் மூன்று இன்ஹேலர் தீர்ந்தால் அது 600 பஃப். நாளொன்றுக்கு ஒன்றரைக்கும் மேல். ஓராண்டில் மூன்றோ அதற்கு மேலோ பெறுவோருக்குக் கடுமையான தாக்குதலின் ஆபத்து கூடுகிறது என்றும், பன்னிரண்டோ அதற்கு மேலோ பெறுவோருக்கு இறப்பின் ஆபத்தே கூடுகிறது என்றும் ஜினா எச்சரிக்கிறது. பன்னிரண்டு என்பது மாதத்துக்கு ஒன்று. "மாதம் ஒரு இன்ஹேலர் வாங்கிவிடுவோம்" என்று பொறுப்போடு சொல்லும் குடும்பங்கள் இருக்கின்றன. அந்தப் பொறுப்புணர்வைப் பாராட்டுகிறோம்; ஆனால் அந்தச் சொல் உடனே மருத்துவரின் காதில் விழ வேண்டிய சொல்.

வாரக் கணக்கு இன்னும் எளியது. கடந்த நான்கு வாரங்களில், வாரத்துக்கு இரண்டு முறைக்கு மேல் இழுப்புக்காகச் சால்பியூட்டமால் தேவைப்பட்டதா? இழுப்பால் இரவில் ஒரு முறையேனும் விழித்தீர்களா? வேலையோ விளையாட்டோ தடைப்பட்டதா? பகலில் இருமலோ இரைப்போ வாரத்துக்கு இரண்டு முறைக்கு மேல் வந்ததா? ஒன்றுக்கேனும் "ஆம்" என்றால் ஆஸ்துமா முழுக் கட்டுப்பாட்டில் இல்லை.

இதற்குப் பெரிய ஏற்பாடு வேண்டியதில்லை. சுவரில் தொங்கும் மாத நாட்காட்டியில், நிவாரணி எடுத்த நாளின் கட்டத்தில் ஒவ்வொரு முறைக்கும் ஒரு கோடு போடுங்கள். தினசரி நாட்காட்டி வேண்டாம். அதன் தாளோடு கணக்கும் கிழிந்து போகும். புது இன்ஹேலரைத் திறக்கும் தேதியை அதன் மேலேயே எழுதி ஒட்டுங்கள். குலுக்கிப் பார்த்தோ நீரில் மிதக்கவிட்டோ மீதியை அறிய முயல வேண்டாம். அது நம்பத்தக்க முறையன்று. குழந்தைகள் பள்ளியில் எடுத்ததையும் கேட்டுச் சேருங்கள். கோடு போடுவதைக் குற்றம் கண்டுபிடிப்பதாக ஆக்கிவிடக் கூடாது. "இன்றைக்கும் அடித்தாயா?" என்று கடிந்தால் அடுத்த முறை குழந்தை மறைத்து எடுக்கும், அல்லது எடுக்காமல் தவிக்கும். இரண்டும் கேடு.

காரணம் சொல்லி எண்ணிக்கையைத் தள்ளிவிடும் வழக்கமும் நம்மிடம் உண்டு. தீபாவளி வெடிப்புகை, மார்கழிப் பனி, போகிப் புகை, கொசுவர்த்திச் சுருள், சாம்பிராணி, வீட்டுக்கு வெள்ளையடித்தது என்று ஏதாவது ஒன்று எப்போதும் கிடைக்கும். அவை இழுப்பைத் தூண்டுவது உண்மையே; தவிர்க்கக்கூடியவற்றைத் தவிர்க்கத்தான் வேண்டும். ஆனால் ஒவ்வொரு மாதமும் ஒரு காரணம் இருக்குமாயின், காரணம் பனியிலோ புகையிலோ மட்டும் இல்லை. குழாயின் வீக்கத்தில் இருக்கிறது.

எண்ணிக்கை கூடுவதற்கு மருந்தை எடுக்கும் முறையும் ஒரு காரணமாகலாம். இன்ஹேலரைக் குலுக்கி, மூச்சை வெளியே விட்டு, உதடுகளால் கவ்வி, மெதுவாக உள்ளிழுக்கத் தொடங்கும்போதே அழுத்தி, ஆழமாக இழுத்துப் பத்து எண்ணும் வரை மூச்சை அடக்க வேண்டும். இது பலருக்கு எளிதில் கைவருவதில்லை. ஸ்பேசர் எனப்படும் குடுவையைப் பொருத்தினால் மருந்து தொண்டையில் படிவது குறைந்து நுரையீரலுக்குக் கூடுதலாகச் செல்லும். ஸ்பேசர் குழந்தைக்கு மட்டும் உரியதன்று. பெரியவருக்கும் அது உதவும். பொடி மருந்துக் கேப்சூலைக் கருவியில் இட்டு இழுப்பவர், வேகமாகவும் ஆழமாகவும் இழுக்க வேண்டும். அந்தக் கேப்சூலை விழுங்கக் கூடாது. ஒவ்வொரு வருகையிலும் உங்கள் இன்ஹேலரைக் கையோடு கொண்டுவந்து செவிலியர் முன் ஒரு முறை எடுத்துக் காட்டுங்கள். ஒரு நிமிடத்தில் பிழை தெரிந்துவிடும்.

நெருக்கடியில் தயங்க வேண்டாம்

இவ்வளவும் படித்தபின் நிவாரணியைக் கண்டு யாரேனும் அஞ்சுவாராயின் எங்கள் நோக்கம் கெட்டுவிடும். இழுப்பு வந்த வேளையில் நிவாரணியைச் சிக்கனம் செய்யக் கூடாது. எண்ண வேண்டியது அமைதியான நாட்களின் கணக்கை. நெருக்கடியில் எடுக்க வேண்டியதைத் தயங்காமல் எடுக்க வேண்டும்.

மருத்துவர் எழுதித் தந்த அவசரத் திட்டம் இருந்தால் அதன்படி செய்யுங்கள். அது இல்லாத நிலையில், நோயாளியை நிமிர்த்தி உட்காரவையுங்கள், படுக்கவைக்க வேண்டாம். ஸ்பேசர் வழியாகச் சால்பியூட்டமாலை ஒரு பஃப் அழுத்தி, நான்கு மூச்சு இழுக்கச் செய்யுங்கள். இவ்வாறு ஒன்றன்பின் ஒன்றாக நான்கு பஃப் கொடுங்கள். நான்கு நிமிடம் பொறுத்துப் பாருங்கள். மூச்சு இளகவில்லை என்றால் 108-ஐ அழைத்துவிட்டு மீண்டும் நான்கு கொடுங்கள். வண்டி வரும்வரை அதே முறையைத் தொடருங்கள். சில அறிகுறிகளைக் கண்டால் நான்கு நிமிடமும் காத்திருக்க வேண்டாம், உடனே அழையுங்கள்: ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியாமை, உதடு நீலம் பூத்தல், மயக்கமோ குழப்பமோ, குழந்தைக்கு விலாவும் கழுத்துக் குழியும் உள்வாங்குதல், இரைப்பு ஓசை அடங்கியும் திணறல் தீராமை. ஓசை நின்றதை நலம் என்று எண்ணிவிடாதீர்கள். காற்றே போகாதபோது ஓசையும் எழாது.

நிவாரணியால் அடங்கிய தாக்குதலும் முடிந்துபோன செய்தியன்று. அவசரப் பிரிவில் நெபுலைசர் வைத்து வீடு திரும்பியவர், நலமாக இருந்தாலும் சில நாட்களுக்குள் மருத்துவரை மீண்டும் பார்க்க வேண்டும். அந்தத் தாக்குதல் ஏன் வந்தது, அடுத்தது வராதிருக்க எந்த மருந்தைச் சேர்ப்பது என்பதை முடிவு செய்யும் நேரம் அதுவே.

நாங்கள் வேண்டுவது

காலி இன்ஹேலரையோ பழைய அட்டையையோ மருந்துக் கடையில் காட்டிப் புதியது வாங்கி வருவது நம் ஊரில் எளிது. அந்த எளிமை ஆபத்துக் காலத்தில் உதவும். ஆனால் ஆண்டு முழுவதும் அதுவே சிகிச்சையாகிவிடக் கூடாது. மூன்று மாதத்துக்குள் இரண்டாவது நிவாரணியை வாங்க நேர்ந்தால், அடுத்ததை வாங்கும் முன் மருத்துவரைப் பாருங்கள். நோயாளியின் கணவரோ மனைவியோ, தாயோ மகனோ, கடைக்குப் போய் வாங்கி வருபவர் யாராயினும் அந்தக் கணக்கை மனத்தில் வைக்க வேண்டும். நோயாளி மறைத்தாலும் வாங்கி வருபவருக்குத் தெரியும்.

நீங்கள் கொண்டுவரும் நாட்காட்டித் தாளை நேரமில்லை என்று ஒதுக்கிவைக்கும் மருத்துவர் எவரேனும் இருந்தால், அதனை மீண்டும் மேசையில் வைக்கும் உரிமை உங்களுக்கு உண்டு. "மாதத்தில் இத்தனை முறை எடுத்திருக்கிறேன், இது கூடுதலா?" என்று கேளுங்கள். "என் மருந்துகளில் வீக்கத்தைத் தணிப்பது எது?" என்று கேளுங்கள். "மூச்சு முட்டினால் என்ன செய்ய வேண்டும் என்று எழுதித் தாருங்கள்" என்று கேளுங்கள். இம்மூன்று கேள்விகளுக்கும் விடை பெறாமல் எந்த ஆஸ்துமா நோயாளியும் வீடு திரும்பக் கூடாது.

2019-இல் மட்டும் உலகெங்கும் சுமார் 4,55,000 பேர் ஆஸ்துமாவால் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. இவற்றுள் பெரும்பாலானவை தவிர்க்கக்கூடியவை. நிவாரணி கைப்பையில் இருக்கட்டும். அதனோடு தடுப்பு மருந்தும் இருக்கட்டும். சுவரில் ஒரு கணக்கும் இருக்கட்டும். அந்தக் கணக்கில் கோடுகள் குறைந்துகொண்டே வந்து, நீல இன்ஹேலர் எடுக்கப்படாமலே பையில் கிடக்கும் மாதங்கள் உங்கள் வீட்டில் பெருகட்டும்.